பின்னால் கேட்ட ரீங்காரம்

விலை உயர்ந்த ஹெட்போன் ஒன்றுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. புது ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்துக் கச்சேரியைப் போட்டதுமே அதற்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

“பாட்டுக்குப் பின்னால் விடாமல் ஏதோ ரீங்காரம் கேட்கிறதே. உமக்குள் கோளாறா?”

“அது சுருதிக்கு மீட்டும் தம்புரா ஐயா.”

ஹெட்போன் நம்பவில்லை. வேண்டுமென்றே கரகரத்துக் காட்டியது. வீட்டுக்காரர் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்து வந்த ஆம்ப்ளிஃபயரும் “தம்புரா” என்றது. “சொல்லிவைத்தாற்போல் இரண்டும் ஒரே பொய்யா?” என்று அதையும் கரகரத்தே விரட்டியது.

மூன்றாவது விவரமானது. நமக்கேன் வம்பு என்று ரீங்காரத்தை அப்படியே விழுங்கிவிட்டது.

ஹெட்போன் திருப்தியோடு கேட்டது. கொஞ்ச நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது:

“ஆம்ப்ளிஃபயர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பாடுகிற அம்மாவுக்குத்தான் சுருதியே இல்லை.”