அடிக்கண்ணாடியில் ஒரு கீறல்

"சிலிக்கன் பூசினா ஒரு பொட்டுத் தண்ணி ஒழுகாது மொதலாளி. நானே பூசித் தர்றேன்," என்றார் பக்கத்துத் தையல் கடை மைக்கல்.

"வேணாம்," என்றார் மஃறூப்.

வட்டகொடை ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் மஃறூப் முதலாளி, வாயைத் திறப்பதில்கூடச் சிக்கனம் பார்ப்பவர். கடை முகப்பில் அழகுக்கு வைத்திருந்த மீன் தொட்டியின் அடிக்கண்ணாடியில் அன்று காலை குறுக்கே ஒரு நீளக் கீறல் விழுந்திருந்தது. எப்படி உடைந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "ஒடஞ்சிச்சு," என்று மட்டும் சொன்னார்.

"அப்ப இதுல மண்ணப் போட்டு கொத்தமல்லி வெதைக்கலாம்." மைக்கல் விடுவதாக இல்லை.

"பூரணிக்குக் குடுத்திட்டேன். வடை மூடி வைக்க."

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் பெண்சாதி ஜிப்ரியாவுக்குக் கை நின்றுவிட்டது.

பூரணி ஸ்டேஷன் வாசலில் மேசை போட்டு வடை விற்கிறவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தேயிலைத் தோட்டத்து லயத்தில் தனியாக இருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் வடைக்குக் கண்ணாடிப் பெட்டி வைக்காவிட்டால் மேசையைத் தூக்கிவிடுவேன் என்று, சாப்பாட்டுக் கடைகளைச் சோதிக்க வருகிற பி.எச்.ஐ. மாத்தயா சொல்லிவிட்டுப் போயிருந்தார். மேசை போனால் அவள் பிழைப்பும் போய்விடும். அது ஊருக்கே தெரியும்.

ஜிப்ரியா சுளகோடு வெளியே வந்தாள்.

"அந்தப் பொம்பளைக்குப் போயும் போயும் ஒடஞ்சதையா குடுக்குறீங்க? நமக்கே வேணாங்கிறதத் தர்மமா, ஸதகாவாக் குடுக்கக் கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"ஸதகான்னு யாரு சொன்னா? கழிச்சு விடுறேன்."

"அது இன்னும் நல்லா ஈக்குது."

மைக்கல் தன் மெஷினுக்குத் திரும்பிப் போய்விட்டார். புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு நடுவில் நிற்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். மெஷினை ஓட்டாமல் இருந்தால் அங்கிருந்தே நன்றாகக் கேட்கும் என்பதும் தெரியும்.

"புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்தா கொறஞ்சா போயிருவீங்க?"

"வேணாம்."

"சிலிக்கனாவது பூசிக் குடுங்க."

"வேணாங்கிறேன்ல. கீறல் அப்படியே ஈக்கட்டும்."

ஜிப்ரியாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கருமி என்று இவரை ஊர் சொன்னபோதெல்லாம் ஊரோடு மல்லுக்கு நின்றவள் அவள். ஊர் வாயில் உண்மையும் வருமோ என்று இப்போதுதான் முதல் தடவையாக நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும், ஷாலைத் தலையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் வாசலுக்கு நடந்தாள்.

பூரணி தொட்டியை மேசைமேல் படுக்க வைத்திருந்தாள். வாய்ப்பக்கம் அவளைப் பார்த்து இருந்தது. அதற்கு ஒரு வெள்ளைத் துணியைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தாள். அடிப்பக்கம் வாடிக்கைக்காரர்களைப் பார்த்து இருந்தது. கீறலுக்குப் பின்னால் இருந்த வடைகள் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தன.

"பி.எச்.ஐ. வந்தாரா?"

"வந்தாருங்கம்மா. ஈ மொய்க்காம மூடியிருந்தாச் சரின்னுட்டாரு. வடையும் தின்னுட்டுத்தான் போனாரு."

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காத பூரணி. அவரு ஒடஞ்சதக் குடுத்தது எனக்குக் கொஞ்சமும் புடிக்கல்ல. நான் ஒனக்கு நல்லதா ஒண்ணு வாங்கித் தாரேன்."

பூரணி பதறிப்போனாள்.

"வேணாங்கம்மா. மொதலாளி மொதல்ல நல்ல தொட்டியத்தான் எடுத்துக்கச் சொன்னாரு. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

"புருஷன் இல்லாதவ நான். மொதலாளி குடுத்தாருன்னு நல்ல சாமான் ஒண்ணத் தூக்கிட்டு வந்தா லயத்துல என்னா பேசுவாங்க? ஒங்க காதுக்கும் அது ஒரு மாதிரியாத்தான் வந்து சேரும். ஒடஞ்சதுன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. கழிச்சு விட்டதப் பொறுக்கிட்டு வந்துட்டான்னு போயிருவாங்க. இதையெல்லாம் அவருகிட்டயே சொன்னேங்கம்மா."

ஜிப்ரியா கீறலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கீறல் விழுந்த அன்னிக்குக் காலையில எண்ணெ வாங்க வந்தப்பகூட மறுபடியும் கேட்டாரு. மாட்டேன்னேன். சரின்னு சொல்லிட்டு மீனையெல்லாம் வாளிக்கு மாத்த ஆரம்பிச்சாரு. அப்ப தொட்டி நல்லாத்தான் இருந்துச்சு." பூரணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "காலைக் கோச்சி ஸ்டேஷன விட்டுப் போனதும் கூப்பிட்டு விட்டாரு. வந்து பாத்தா கீறல். எப்படின்னு நான் கேக்கலங்கம்மா."

ஜிப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணெய்ப் புகை என்று சொல்லி ஷாலால் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வடை கட்டித் தரச் சொன்னாள்.

ஜும்ஆ முடிந்து வந்த மஃறூபின் முன்னால் வடைத் தட்டையும் ப்ளேன்டிக் கோப்பையையும் வைத்தாள். வடையைப் பார்த்தார். பெண்சாதியின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. குனிந்துகொண்டு வடையைக் கடித்தார்.

"ஒங்களுக்கு ஒரு வேலையும் ஒழுங்காச் செய்யத் தெரியாது," என்றாள் ஜிப்ரியா. "தொட்டியப் படுக்க வெச்சா அடிப்பக்கம்தானே முன்னுக்கு வரும்? ஒடைக்கிறதுதான் ஒடச்சீங்க, ஒரு ஓரமாப் பாத்து ஒடச்சிருக்கக் கூடாதா?"