முள் இல்லாத உயரம்

கொல்லைப்புறத்து இலந்தையை அவர் வருஷா வருஷம் கிளை வெட்டிக் கவாத்து செய்வார். புதுக்கிளை எல்லாம் முள்ளோடுதான் துளிர்க்கும். மகளோ இலந்தைப்பழம் என்றால் உயிரை விடுவாள். பிள்ளையைக் குத்தித் தொலைக்குமே என்று, அவள் தலை உயரம்வரை ஒவ்வொரு முள்ளாக நகவெட்டியால் வெட்டிவிடுவார். அப்போது அவள் அவர் இடுப்புக்குக்கூட வரமாட்டாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முன்பே காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அதன்பின் அவர் கவாத்து மட்டும் செய்தார்; நகவெட்டியைத் தொடவில்லை.

ஆனாலும் அடுத்த வருஷம் துளிர்த்த கிளைகளில் அவர் இடுப்புவரை முள் இல்லை. வருஷங்கள் போகப்போக நெஞ்சுவரை இல்லை.

"நீயா வெட்டுறே?" என்று மனைவியைக் கேட்டார்.

"நான் அந்தப் பக்கமே போறதில்லையேங்க. நீங்கதான்னு நெனச்சேன்."

இந்த வருஷம் பழம் சிவந்ததும் கிளைகளைக் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்த்தார். தோள்வரை வழவழவென்று இருந்தது. அதற்கு மேலே சுருக்கென்று குத்தியது.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "எதுவரைக்கும்?"

தன் தோளைத் தொட்டுக் காட்டினார்.

"என் உயரம் வந்துட்டா," என்றாள். பிறகு குனிந்து பார்த்தாள். தரையெல்லாம் வெட்டி விழுந்த முள். "கீழ பாத்து நடக்கவே தெரியாதே அவளுக்கு."

காலில் இருந்த செருப்பைக் கழற்றி மரத்தடியில் ஜோடியாக வைத்துவிட்டு, அந்த முள்மேலேயே வெறுங்காலோடு நடந்து வீட்டுக்குள் போனாள்.