கறுப்புத் தாள் சுற்றிய குப்பி

“இதுக்குள்ள ஊதுனா என் மூச்சு உள்ளயே இருக்குமா, கவி?”

“இருட்டுல வச்சா இருக்கும். வெயில் பட்டா விட்டுடும்.”

“அப்ப ஒன்ன மாதிரி இல்ல. நீதான் எதையும் விடமாட்டியே.”

சொல்லிவிட்டு அறிவுச்செல்வன் கண்ணாடிக் குப்பிக்குள் ஊதினான். காரைக்கால் ஆய்வுக்கூடத்திலிருந்து மனைவியை அழைத்துப்போக வந்தவன், காத்திருக்கப் பொறுமையில்லாமல் செய்த விளையாட்டு.

உள்ளே இருந்தது கரியமிலவாயுவைப் பிடித்துவைக்கும் மஞ்சள் பொடி. கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. வெளிச்சம் பட்டால் அந்தத் துளைகள் வடிவம் மாறி, பிடித்ததை வெளியே விட்டுவிடும்.

கவியா சிரித்துக்கொண்டே குப்பியை மூடி, கறுப்புத் தாள் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரமே திருவேட்டக்குடி சாலையில் பைக் விபத்து. அறிவுச்செல்வன் வீடு திரும்பவில்லை.

குப்பியைப் பற்றிக் கவியா அழுதுகொண்டே சொன்னபோது, அவன் அம்மா கல்யாணசுந்தரி அதைக் கையில் வாங்கினாள். நேராகப் போய் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தாள்.

அன்றிலிருந்து கோட்டுச்சேரி வீட்டில் ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டுத்தான் அரிசி அளப்பார்கள். ஒங்க வீட்டு அரிசிக்கு என்ன, கண்ணு கூசுதா என்று பக்கத்து வீட்டு சுகிர்தாகூடக் கேலி செய்தாள்.

இன்று அவனுக்குத் தலைத்திவசம்.

படையலுக்கு அரிசி எடுக்க இருட்டில் கைவிட்ட கவியாவின் விரலில் குப்பி தட்டியது.

அதில் ஒன்றும் இல்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கருமாதி முடிந்த மறுநாள், அத்தை குளிக்கப் போயிருந்த நேரம். குப்பியை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய், தாளைப் பிரித்து வெயிலில் பிடித்தாள். பிறகு மூடியைத் திறந்து, முகத்தோடு ஒட்டிவைத்து மெல்ல மூச்சை உள்ளே இழுத்தாள்.

கரியமிலவாயுவுக்கு வாசனை கிடையாது. பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான்.

இருந்தும் மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

கீழே வந்து, முன்பு இருந்தது போலவே தாளைச் சுற்றி அரிசிக்குள் வைத்துவிட்டாள். அத்தையிடம் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது அடுக்களைக் கதவு திறந்து மூடியது. கல்யாணசுந்தரி இருட்டில் தடவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அரிசிக்குள் கையை விட்டு, மருமகளின் விரல்களைக் குப்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“கொஞ்சமாச்சும் மிச்சம் இருக்கும்னுதாம்மா இருட்டுலயே வச்சிருந்தேன்.”

அத்தையின் கட்டைவிரல் கறுப்புத் தாளைத் தடவியது.

“அன்னைக்கு மாடியில நீ தொறந்தப்ப, எம்புள்ள வாசம் வந்துச்சா? எனக்கும் சொல்லேம்மா.”