ஆறு நிமிஷம்

"ஆறு நிமிஷமா! வரவர உங்க அத்தாவுக்கு வாய் ஜாஸ்தியாயிடுச்சுடி" என்று மகள் ஹஃப்ஸாவிடம் சிரித்தாள் கமருன்னிஸா. ஷார்ஜாவிலிருந்து கணவர் சித்தீக் அனுப்பிய குரல் பதிவு போனில் காத்திருந்தது.

அங்கிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட வழியில்லை. பல வருடமாகப் புருஷன் பெண்டாட்டி பேச்செல்லாம் இப்படிக் குரல் பதிவில்தான். முன்பெல்லாம் மனிதர் மூன்றே நிமிஷத்தில் முடித்துவிடுவார்.

அடுப்பில் நெய்ச்சோறு. எதிரே ஸ்டாண்டில் இன்னொரு போன் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, முப்பது செகண்டுக்கு மேல போனா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. வெங்காயம் வதங்குறதை எல்லாம் யாரு உக்காந்து பாப்பா?"

"அதானே, வெட்டித் தள்ளு."

வலங்கைமான் வீட்டுச் சமையலை நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள் என்றால் சும்மாவா! அடுத்த மாதம் சித்தீக் லீவில் வருகிறார். அதற்குள் இன்னும் கொஞ்சம் பேர் சேர்ந்துவிட்டால் அவரைத் திருப்பி அனுப்பவே வேண்டாம். பாவி மனுஷி, பொழுது விடிந்தால் அந்த ஒரே நினைப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஒரு கையில் கரண்டி. மறுகையால், எப்போதும்போல், குரல் பதிவை இரண்டு மடங்கு வேகத்தில் தட்டிவிட்டாள். நேரம் மிச்சம்.

"அத்தா என்னம்மா சொல்றாங்க?"

"கூட இருக்குற குத்தாலத்து தியாகராசன் சாம்பார் வச்சாராம். உனக்கு வாட்ச் வாங்கிட்டாராம். வேற என்ன!"

பாதியிலேயே நிறுத்திவிட்டு ஒரு இதயப் படத்தைப் பதிலாக அனுப்பினாள். சோறு அடிப்பிடித்தால் வீடியோ போச்சே.

மறுநாள் மதியம் தியாகராசனே போன் செய்தார்.

"அக்கா, பதறாதீங்க. பாய் குளிக்கப் போன இடத்துல விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். தலையில ரத்தக்குழாய் அடைச்சிருக்காம். இன்னும் கண்ணு முழிக்கலை."

"யா அல்லா!" கமருன்னிஸா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "திடீர்னு எப்படிங்க? நேத்துகூட நல்லாத்தானே பேசினாரு! நான்தான் கேட்டேனே!"



"என்னக்கா சொல்றீங்க? பாய் ஒரு மாசமா ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து இழுத்துத்தானே பேசுறாரு?"