கன்னத்தில் அடக்கிய சோறு

ஒரு வாய்ச் சோற்றுக்குள்ளே மாவுச்சத்து என்று ஒரு பெரிய குடும்பம் இருந்தது. நூற்றுக்கணக்கான சர்க்கரை மணிகள் கைகோத்து நிற்கும் குடும்பம் அது.

குழம்பு இன்னும் கொதிக்கவில்லை என்று பூவிழிக்கு அவள் அம்மா வெறும் சோற்றை ஊட்டிவிட்டாள். பூவிழி அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "சப்புன்னு இருக்கு, துப்பிருவேன்" என்றாள்.

மாவுச்சத்துக்குப் பகீரென்றது. துப்பினால் கோழிக்குத்தான்!

அப்போது எச்சிலில் மிதந்து வந்தது அமைலேஸ் என்னும் நொதி. "அக்கா, இப்படி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னா நாக்குக்கு எப்படித் தித்திக்கும்? கொஞ்சம் கையை விடுங்க, நான் நறுக்கித் தர்றேன்."

"நெல்லு பால் பிடிச்ச நாள்லேர்ந்து கோத்த கை இது. ஒத்துமையான குடும்பத்தைப் பிரிக்க வந்தியாக்கும்?"

"சரிக்கா, கோழிகிட்டயும் ஒத்துமையாவே போங்க."

பூவிழி தட்டை நோக்கிக் குனிந்தாள். உதடு பிரிந்தது.

"வெட்டித் தொலைடா, சீக்கிரம்!" என்று அலறியது மாவுச்சத்து.

அமைலேஸின் வளைந்த உடம்புக்குள் அந்தக் கைப்பிடிகள் அளவெடுத்தாற்போல் பொருந்தின. நறுக், நறுக். மணிகள் இரண்டிரண்டாய்ப் பிரிந்து நாக்கில் உருண்டன.

பூவிழி வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்தாள். மென்றாள். "அம்மா, சோத்துல சீனி போட்டியா? இன்னொரு வாய் குடு!"

கடைசியாகத் தொண்டைக்குள் இறங்கிய ஜோடி மணி திரும்பிப் பார்த்தது. "நாங்க பொறந்ததிலேர்ந்தே இனிப்புதான் தம்பி. வெளியே காட்டிக்கிறதில்ல."

"ஆமாக்கா," என்றது அமைலேஸ், அடுத்த வாய்ச் சோற்றுக்கு நகர்ந்து இடம்விட்டபடி. "வர்றவங்க எல்லாரும் போகும்போது அதைத்தான் சொல்றாங்க."