நீலப் பெட்டிச் சங்கிலி

மரம் அறுக்கும் மெஷினுக்கு எந்தக் கம்பெனிச் சங்கிலி உழைக்கும் என்று பார்க்க, மரவெட்டி இரண்டு வாங்கினார். சிவப்புப் பெட்டியில் ஒன்று, நீலப் பெட்டியில் ஒன்று. தினமும் சாயங்காலம் இரண்டையும் தானே அரம் போட்டுத் தீட்டிப் பட்டறையில் வைப்பார்.

சிவப்பைக் காலையில் மாட்டினால் மத்தியானத்துக்குள் மழுங்கிவிடும். நீலத்தை மாட்டினால் சாயங்காலம் வரை சளைக்காமல் அறுக்கும்.

"இனிமே நீலமே வாங்குங்க மாமா" என்றான் கூட வேலை செய்யும் மச்சினன்.

"உனக்கென்னடா அதுல அவ்வளவு அக்கறை? கடைக்காரன் ஏதாவது கவனிக்கிறானா?"

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த மரத்தைப் புரட்டப் போனான். மரவெட்டிக்குச் சந்தேகம் முற்றியது. புதுச் சங்கிலியை மாற்றி வைக்கிறானோ என்று நீலத்தின் ஒரு கண்ணியில் பெயின்ட் தடவி வைத்தார். மறுநாளும் பெயின்ட் அப்படியே இருந்தது. பல் மட்டும் அவர் தீட்டி வைத்ததைவிடப் பளபளத்தது.

அடுத்த நாள் விடிந்ததுமே பட்டறைக்குப் போனார். மச்சினன் நீலச் சங்கிலிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான்.

"அகப்பட்டியா! நீலத்தை ஜெயிக்க வைக்கத்தானே இது?"

"ரெண்டையும்தான் தீட்டப் பார்க்கிறேன் மாமா. நீலம் நாலு இழுப்புல கூர் ஏறிடுது. சிவப்பு முரண்டு பிடிக்குது. நீங்க வர்றதுக்குள்ள முடிக்க முடியல."

"நான்தான் தீட்டி வைக்கிறேனே?"

"உங்க கை நடுங்குது மாமா. பல்லெல்லாம் ஏறுக்கு மாறா இருக்கு. மெஷின் எகிறி உங்க மேலயே பாஞ்சுட்டா? அக்காகிட்டகூட நான் சொல்லல."

மரவெட்டி தன் விரல்களைப் பார்த்தார். நடுக்கம் அவருக்கும் தெரியும். அடுத்தவர் கண்ணில் படாது என்றுதான் நினைத்திருந்தார்.

சிவப்புச் சங்கிலியை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"இதையும் நிதானமா முடி. இன்னிக்கு வேலையை லேட்டா ஆரம்பிச்சுக்கலாம்."