தெரு முனையில் சூடாகும் கார்

"என்ன மெக்கானிக், 'சரியாயிடுச்சு, இனி ஒண்ணும் ஆகாது'ன்னு போன வாரம் பெருசா சொன்னே? வந்து பாரு, ஆவி பறக்குது!"

மாமனாரின் குரல் ஷெட்டைத் தாண்டித் தெருவுக்கே கேட்டது. மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். அவருடைய பழைய கார் வாசலில் நின்று புகைந்துகொண்டிருந்தது.

"எங்க வரும்போது சூடாச்சு மாமா?"

"வழக்கம்போலத்தான். வீட்டுல இருந்து ஒழுங்கா வருது. உன் தெரு முனைக்கு வந்ததும் முள்ளு சிவப்புக்கு ஏறிடுது. உடனே எஞ்சினை ஆஃப் பண்ணி, இறக்கத்துல உருட்டிக்கிட்டே வந்துட்டேன்."

பிரேக் மாற்றுவதற்காகக் காத்திருந்த டாக்சிக்காரர் சிரித்தார். "ஊர் வண்டியெல்லாம் இவர்கிட்டதான் வருது. மாமனார் வண்டி மட்டும் கைக்குள்ள அடங்க மாட்டேங்குது போல!"

மெக்கானிக்கின் காது மடல் சுட்டது. டாக்சிக்காரருக்குத் தெரிந்தால் டாக்சி ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்த மாதிரி.

மகள் தன் இஷ்டத்துக்கு ஒரு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டபோது, "கரி புடிச்ச கைய நம்பிப் போறே. செத்தாலும் அந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று பத்துப் பேர் முன்னால் சொன்னவர் மாமனார். சொன்ன சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டும் இருந்தார். ஷெட்டுக்குப் பின்னால்தான் வீடு. கார் ரிப்பேருக்கென்று வந்தாலும், ஷெட்டில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியோடு சரி. மகள்தான் டீயை அங்கே கொண்டுவந்து கொடுப்பாள்.

அந்தக் கரிக் கைக்கு வேலை தெரியும் என்று அவர் வாயால் ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும். மெக்கானிக்குக்கு வேறு ஆசை கிடையாது. அதற்காகத்தான் இந்தக் கார் வந்து வாய்த்தது என்று முதல் வாரம் உள்ளுக்குள் துள்ளினான். ரேடியேட்டர் மூடியை மாற்றினான். அடுத்த வாரம் ஹோஸ். அப்புறம் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றியும் ஆயிற்று. வாராவாரம் ரேடியேட்டரில் ஊற்றிய கூலன்ட் தண்ணீர் மாயமாய்ப் போய், வாராவாரம் அவன் மானம் கப்பலேறியது.

இன்று விடுவதில்லை என்று உட்கார்ந்தான். எஞ்சின் ஆறியதும் கூலன்ட்டை நிரப்பி, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க ரேடியேட்டர் வாயில் பம்பை மாட்டிக் காற்றை ஏற்றினான். மீட்டர் முள் இறங்கவே இல்லை. அடியில் விரித்த பேப்பரில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தான், சுத்தமாக இருந்தது. ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகையும் இல்லை. ஒழுகாத வண்டியில் தண்ணீர் எங்கேதான் போகிறது?

"என்ன, இன்னிக்காவது ஏதாவது தெரிஞ்சுதா?" நாற்காலியிலிருந்து குரல் வந்தது. பேத்தி அவர் மடியில் ஏறி, சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். எந்த மெக்கானிக்கும் வாயால் சொல்லக் கூசும் வார்த்தை அது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்குப் பிடிபடலை மாமா. வேற நல்ல ஷெட்டுக்குக் கொண்டு போங்க. நானே சொல்லி விடுறேன்."

டாக்சிக்காரர் உச்சுக்கொட்டினார். டீ டம்ளரோடு வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். அவள் முன்னால் இதைச் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று அவனுக்கு உடம்பே கூசியது.

ஆனால் பதறியவர் மாமனார்தான். "வேற ஷெட்டா? அதெல்லாம் எதுக்கு? நீயே பாரு... மெதுவாப் பாரு. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு, டார்ச்சோடு மறுபடி காருக்கு அடியில் புகுந்தான்.

ரேடியேட்டரின் அடியில், பழைய தண்ணீரை இறக்குவதற்கென்று ஒரு போல்ட் உண்டு. தான் முறுக்கிய எந்த போல்ட்டின் மேலும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுவது அவன் வழக்கம். அப்புறம் யாராவது திருகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. கோடு மட்டும் இரண்டாக விலகியிருந்தது. யாரோ கழற்றித் திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

கழற்றிய ஸ்பானர் வண்டியிலேயே இருக்குமோ என்று வெளியே வந்து நேராக டிக்கியிடம் போனான்.

"அதைத் திறக்காதே!" என்று மாமனார் எழுவதற்குள் திறந்துவிட்டான்.

உள்ளே ஒரு ஸ்பானர். பக்கத்தில் வரிசையாகக் கேன்கள். வாராவாரம் அவன் ஊற்றிய பச்சைக் கூலன்ட் அத்தனையும் அவற்றில் பத்திரமாக இருந்தது. எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனிதர், கீழே கொட்ட மனசு வந்திருக்காது.

மெக்கானிக்குக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நாலு பேர் முன்னால் நம்மைத் தலைகுனிய வைக்க இப்படியும் ஒரு வேலையா?

"என்ன மெக்கானிக், கண்டுபிடிச்சாச்சா?" டாக்சிக்காரர் கழுத்தை நீட்டினார். ஒரு வார்த்தை போதும். மானம் திரும்பி வந்துவிடும்.

பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாமனார் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தை நிமிர்த்தவே இல்லை. அவனுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார்:

"வண்டி நல்லா ஓடுச்சுன்னா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வருவேன், மாப்பிள்ளை?"

மெக்கானிக் டிக்கியைச் சத்தமில்லாமல் மூடினான்.

"இல்லண்ணே, இன்னும் பிடிபடலை," என்றான் டாக்சிக்காரரிடம், உரக்க. "அடுத்த வாரமும் கொண்டு வரச் சொல்லியிருக்கேன்."